டர்போ டீசல் வண்டியில் பிரீதர் ஹோஸை மாற்றலாமா? குமுளி மலைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் இருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, பீருமேடு, நெடுங்கண்டம் என்று தினமும் ஓடுகிற டீசல் வண்டிகள் ஏராளம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பொலீரோ, தேக்கடிக்கு சவாரி போகும் இன்னோவா, சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் டிசைர் என்று எதை எடுத்தாலும், ஓட்டம் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒரே பேச்சுதான் வரும். "டர்போ ஹோஸெல்லாம் ஆயிலா இருக்குண்ணே. பிரீதரைக் கழற்றிக் கீழே விட்டுடலாமா?"

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி. பிரீதர் என்பது எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய். இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோஸில் கை வைப்பதற்கு முன்னால் எஞ்சின் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று அளந்து பாருங்கள். அளக்காமல் ஹோஸை மாற்றினால் நோய் உள்ளேயே இருக்கும், அதைக் காட்டிக்கொடுத்த அடையாளம் மட்டும் மறைந்துபோகும்.

பிரீதர் எதற்காக இருக்கிறது?

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே க்ராங்க் கேஸுக்குள், அதாவது எஞ்சினின் அடிக்கூட்டுக்குள், இறங்கத்தான் செய்யும். புது எஞ்சினிலும் இது உண்டு. டர்போ வண்டியில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். டர்போவின் தண்டு சீல் வழியாகக் கசியும் காற்று, ஆயில் திரும்பி வரும் குழாயோடு சேர்ந்து அதே இடத்துக்குத்தான் வருகிறது. பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் உறிஞ்சும் காற்றையும் பெரும்பாலான டீசல்களில் எஞ்சினுக்குள்ளேதான் விடுகிறார்கள். எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்குப் பல பத்து லிட்டர் வரை போகும்.

இவ்வளவும் வெளியேற ஒரு வழி வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, க்ராங்க் சீல், ஹெட் கவர் பேக்கிங், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) என்று எது இளகியிருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். அந்த வழிதான் பிரீதர். வெளியேறுவது வெறும் காற்று இல்லை. பொடித் துளியான ஆயில், கரி, நீராவி, எரியாத டீசல் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

அந்த அழுக்கை ஏன் டர்போவுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்?

வெளியே விட்டால் நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கும் என்பதால்தான். பெட்ரோல் கார்களில் இதை மூடிய சுற்றாக மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. டீசலுக்கு அது பிந்தி வந்தது. அதனால்தான் பழைய லாரிகளிலும் டர்போ இல்லாத பழைய ஜீப்களிலும் பிரீதர் குழாய் கீழே தொங்குவதை இன்றும் பார்க்கலாம்.

இப்போதைய கார்களில் ஹெட் கவரிலிருந்து கிளம்பும் வாயு, ஆயில் பிரிப்பான் ஒன்றைக் கடந்து, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில் சேர்கிறது. அந்த இடத்தில் டர்போ காற்றை உறிஞ்சுவதால் லேசான இழுப்பு இருக்கும். அந்த இழுப்புதான் க்ராங்க் கேஸைக் காலி செய்கிறது. இழுப்பு அளவு மீறாமல் இருக்க, பல எஞ்சின்களில் ரப்பர் டயாஃப்ரம் வைத்த ஒரு வால்வும் உண்டு.

பிரிப்பான் எல்லா ஆயிலையும் பிடித்துவிடாது. ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளிகள் தப்பித்து டர்போ, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாகப் போய், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில், ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) கொண்டுவரும் கரியோடு கலக்கும். ஆயிலும் கரியும் சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு காற்று வழியை அடைக்கும். பிரீதரை மாற்றிவிட வேண்டும் என்ற ஆசைக்கு இதுதான் நியாயமான காரணம்.

இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில். எஞ்சின் போச்சா?

போகவில்லை. விரலால் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டும் மெல்லிய படலம் எல்லா டர்போ டீசலிலும் இருக்கும். ஹோஸைச் சாய்த்ததும் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தால், அல்லது இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரைக் கப் அளவுக்குக் கொட்டினால், அப்போதுதான் விசாரிக்க வேண்டும்.

விசாரணையை ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். ஏலத்தோட்ட ரோட்டில் கோடையில் எழும் செம்மண் புழுதி ஃபில்டரை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஃபில்டர் அடைத்தால் டர்போ இன்னும் பலமாக உறிஞ்சும். ஃபில்டர் பக்கம் காற்று வராததால் பிரீதர் பக்கம் இழுக்கும், ஆயிலும் கூடவே வரும். புது ஃபில்டர் போட்டதும் ஆயில் பாதியாகக் குறைந்த வண்டிகள் உண்டு.

அடுத்து டிப்ஸ்டிக். இங்கே பலர் "மலை ஏறுற வண்டி, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று மேல் கோட்டையும் தாண்டி ஆயில் ஊற்றுகிறார்கள். இது தவறு. க்ராங்க் ஆயிலை அடித்துத் தெறிக்கவிட, தெறித்ததெல்லாம் பிரீதரில் ஏறிவிடும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். அளவு பார்ப்பதும் சமதளத்தில்தான். குமுளியில் ஏற்றத்தில் நிறுத்திவிட்டுப் பார்க்கும் அளவை நம்பாதீர்கள்.

அளவுக்கு மீறி வருகிறதா என்று எப்படி அளப்பது?

ஆயில் கேப்பைத் திறந்து தலைகீழாக வைத்துப் பார்க்கும் வழக்கம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. கேப் ஆடினால் ரிங் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசல் எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) துடிப்பாகத்தான் மூச்சு விடும், நல்ல எஞ்சினிலும் கேப் கொஞ்சம் ஆடும். கேப் தூக்கி எறியப்படுகிறது, புகை இடைவிடாமல் குபுகுபுவென வருகிறது என்றால் அது வேறு விஷயம்.

சரியாக அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் பழைய ஆயில் கேப் ஒன்றில் துளை போட்டு, ஒரு நிப்பிளை இறுக்கமாகப் பொருத்துங்கள். பழைய கேப் கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்கினாலும் பரவாயில்லை. அதிலிருந்து நீளமான ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை எடுத்து, ஒரு பலகையில் 'ப'வைப்போல வளைத்துக் கட்டி, பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டராவது உயரம் இருக்கட்டும். உயரம் குறைந்தால் இழுப்பு வரும்போது தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கேப்பை மாட்டி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அது ஏறக்குறைய ஒரு மில்லிபார். பிரீதர் எல்லாம் மாட்டியிருக்கும் மூடிய சுற்றில், ஐடிலில் மட்டம் கிட்டத்தட்டச் சமமாகவோ, எஞ்சின் பக்கம் லேசாக இழுத்தோ நிற்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு பாருங்கள். எஞ்சின் தண்ணீரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் உள்ளே அழுத்தம் சேர்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் எல்லை வேறு, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது பிரீதர் ஹோஸை டர்போ பக்கத்தில் கழற்றிக் காற்றில் விட்டு, மறுபடி பாருங்கள். இன்டேக் குழாயில் திறந்த ஓட்டையை ஒரு மூடியால் அடைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். அழுத்தம் உடனே இறங்கினால் அடைப்பு அந்த முனைக்கு அப்பால் இருக்கிறது. இறங்கவில்லை என்றால் ஒன்று பிரிப்பான் அடைத்திருக்கிறது, அல்லது ரிங் வழியாக வாயு அதிகமாக இறங்குகிறது. பிரிப்பானைக் கழுவி அல்லது மாற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை, எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் காட்டினால், பிரீதருக்கு ஆயில் பிடிக்கும் பெட்டி எத்தனை வைத்தாலும் அந்த எஞ்சின் சரியாகாது.

தலைகீழான பிரச்சினையும் உண்டு. ஐடிலில் ஆயில் கேப்பை எடுக்கவே முடியாத அளவுக்கு உள்ளே இழுக்கிறது, எங்கிருந்தோ விசில் சத்தம் வருகிறது என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். அது கிழிந்தால் டர்போ நேரடியாக க்ராங்க் கேஸை உறிஞ்சும், ஆயில் குறைந்துகொண்டே போகும். மாற்ற வேண்டியது அந்தச் சின்ன ரப்பரும் அதன் மூடியும்தான்.

டர்போ ஆயில் கக்குகிறது, டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

கொஞ்சம் பொறுங்கள். ஒர்க்‌ஷாப்களில் பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான்.

டர்போவுக்கு ஆயில் போவது பம்பின் அழுத்தத்தில். திரும்பி வருவது வெறும் இறக்கத்தில், தன் எடையால். டர்போவின் அடியிலிருந்து ஒரு குண்டான குழாய் எஞ்சினுக்குள் இறங்குகிறதே, அதுதான் அந்த வழி. க்ராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் அந்தக் குழாயில் ஆயில் இறங்காது, டர்போவுக்குள்ளேயே தேங்கும். டர்போ சீல் ஆயிலில் முழுகி நிற்பதற்காகச் செய்ததில்லை. தேங்கிய ஆயில் ஒரு பக்கம் இன்டர்கூலருக்குள்ளும், மறுபக்கம் சைலன்சருக்குள்ளும் போகும். நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று எல்லாரும் சொல்வார்கள்.

புது டர்போ போட்டால் அதுவும் சில வாரங்களில் அதே வேலையைச் செய்யும். ஏனென்றால் கோளாறு டர்போவில் இல்லை, அடைத்த பிரீதரில். டர்போவுக்குக் காசு கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தண்டில் ஆட்டம் எவ்வளவு இருக்கிறது? திரும்பும் குழாயில் கரி அடைத்திருக்கிறதா? க்ராங்க் கேஸ் அழுத்தம் எவ்வளவு? இறக்கை கவசத்தில் உரசிய தடம் இல்லை, ஆட்டமும் அளவுக்குள் இருக்கிறது என்றால், பெரும்பாலும் டர்போ பிழைத்துவிடும்.

பிரீதரைக் கழற்றிக் கீழே விட்டால் என்ன?

செய்யாதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

வெளியே விட்டால் உறிஞ்சுகிற இழுப்பு போய்விடும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முழு பூஸ்டில் (டர்போ தரும் காற்றழுத்தத்தில்) ஏறும்போதுதான் ரிங் வழியாக இறங்கும் வாயு அதிகம். அந்த நேரத்தில் வாயு தானாகத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கும், க்ராங்க் கேஸில் அழுத்தம் கூடும். மேலே சொன்ன டர்போ பிரச்சினையை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது இன்டேக் குழாயில் விட்டுப்போகும் ஓட்டை. அதைத் துணியால் சுற்றி, டேப் ஒட்டி விட்டிருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டை ஏர் ஃபில்டருக்கு அப்பால் இருக்கிறது. டேப் சூட்டில் இளகினால் வடிகட்டாத புழுதி நேராக டர்போவுக்குள் போகும், அங்கிருந்து சிலிண்டருக்குள். ஒரு கோடைக்காலப் புழுதி போதும், ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிடும். பிரீதரில் புகை அதிகம் என்று தொடங்கிய வேலை, புகை உண்மையிலேயே அதிகமாவதில் முடியும்.

மூன்றாவது, வண்டியில் இருப்பவர்களின் உடம்பு. பானெட்டுக்கு அடியில் விட்ட புகை, கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வரும். குமுளி மழையில் கண்ணாடி எல்லாம் ஏற்றி, புளோயரைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறோம். பிரீதர் புகையிலும் சிலிண்டரில் எரிந்த டீசல் வாயு கலந்திருக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. அதைத் தினமும் மூடிய வண்டிக்குள் சுவாசிக்க வைப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

கீழே சொட்டும் ஆயில் ரோட்டில் என்ன செய்யும் என்பதைக் கொண்டை ஊசி வளைவில் பைக் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

சைலன்சர் பைப்பில் இணைத்து உறிஞ்ச விடலாமா?

வேண்டாம். டர்போ டீசலில் சைலன்சர் பக்கம் எதிர் அழுத்தம் இருக்கும், சில நேரம் புகை திரும்பி உள்ளே வரும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும், கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரும் உள்ள வண்டியில் ஆயில் எரிந்த சாம்பல் அவற்றை அடைத்துவிடும். டி.பி.எஃப்.பில் சேரும் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் எதுவும் சாம்பலை எரித்துத் தீர்க்காது.

அப்படியானால் கேட்ச் கேன் (பிரீதர் ஆயிலைப் பிடித்துவைக்கும் பெட்டி) வைக்கலாமா?

எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, அளந்து பார்த்தாயிற்று, ஆனாலும் மேனிஃபோல்டில் கரி சேராமல் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால் வைக்கலாம். ஒரே நிபந்தனை, சுற்று மூடியே இருக்க வேண்டும். ஹெட் கவரிலிருந்து வரும் ஹோஸ் பெட்டிக்குள் போய், பெட்டியிலிருந்து கிளம்பும் ஹோஸ் பழைய இடத்துக்கே, டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்கே திரும்ப வேண்டும். இடையில் ஆயிலைப் பிடிக்கும் ஒரு நிறுத்தம் மட்டும் கூடுகிறது. டர்போவுக்குப் பின்னால் உள்ள எந்தக் குழாயிலும் இணைக்கக் கூடாது, அங்கே இருப்பது பூஸ்ட் அழுத்தம். அது நேராக க்ராங்க் கேஸுக்குள் ஊதிவிடும்.

கம்பெனி வைத்த பிரிப்பானையும் டயாஃப்ரம் வால்வையும் கழற்ற வேண்டாம். அவற்றுக்கு அப்புறம் பெட்டி வரட்டும்.

என் கருத்து, நல்ல எஞ்சினுக்கு இது அவசியமில்லை. வருடத்தில் பெரும்பகுதி சமவெளியில் தேனி, மதுரை என்று ஓடும் வண்டிக்கு நேரத்துக்கு ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றினாலே போதும். தினமும் லோடோடு மலை ஏறி இறங்கும் வண்டிக்குப் பெட்டி பயன் தரும்.

கடையில் கிடைக்கும் எந்தப் பெட்டியும் ஆகுமா?

ஆகாது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் டப்பாவாக இருந்தால் ஆயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். உள்ளே தடுப்புத் தகடும், அதற்கு மேல் சரியாகப் பொருத்திய வலையும் இருக்க வேண்டும். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் நேருக்கு நேராக இருக்கக் கூடாது.

வலைக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிக்கிறார்கள். இது ஆபத்து. அதிலிருந்து ஒரு கம்பித் துணுக்கு உடைந்தாலும் அடுத்து போகும் இடம் டர்போவின் இறக்கை. சிறிய கார் டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தில் ஒரு துணுக்கு போதும்.

பெயின்ட் கடையில் ஏர் கம்ப்ரஸருக்கு வைக்கும் தண்ணீர் பிரிப்பானும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், கண்ணாடிக் கிண்ணத்தில் ஆயில் சேர்வதும் தெரியும். ஆனால் அதன் துவாரம் கால் அங்குலம்தான். பிரீதர் ஹோஸின் உள்விட்டம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். வழியைக் குறுக்கினால் அது பிரீதரைப் பாதி அடைத்ததற்குச் சமம். பெட்டியின் நுழைவாயும் வெளிவாயும் கம்பெனி ஹோஸின் உள்விட்டத்துக்குக் குறையவே கூடாது.

கொள்ளளவு அரை லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஹோஸ் எது வாங்குவது?

ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடாதீர்கள். அந்த ரப்பர் தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் தாங்கும், ஆயில் பட்டால் ஊறிப் பருத்து, சுருங்கும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் டியூப் சூட்டில் இளகி, இழுப்பில் சப்பிப்போகும். வெறும் சிலிகான் ஹோஸ் சூடு தாங்கும், ஆனால் கொஞ்ச நாளில் அதன் மேற்பரப்பில் ஆயில் வியர்த்து நிற்கும். நைட்ரைல் ரப்பர், அல்லது உள்ளே ஃப்ளூரோ பூச்சு உள்ள சிலிகான் கேட்டு வாங்குங்கள். ஆயில் ஹோஸ் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் மதுரை, கோட்டயம் கடைகளில் கிடைக்கும்.

பெட்டியை எங்கே பொருத்துவது?

டர்போவிலிருந்தும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்தும் தள்ளி. அதில் கசியும் ஆயில் பழுத்த இரும்பின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். பேட்டரி தட்டுப் பக்கம் பெரும்பாலும் இடம் இருக்கும். உறுதியான கிளாம்ப் போட்டு பாடியில் இறுக்குங்கள். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது, அதனால் ஹோஸ் கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கட்டும். ஹோஸ் நடுவில் தொய்ந்து பள்ளம் விழாமல், பெட்டியை நோக்கிச் சரிவாக ஓடட்டும். பள்ளத்தில் தண்ணீரும் ஆயிலும் தேங்கினால் அதுவே அடைப்பு.

மாட்டி முடித்ததும் தண்ணீர் டியூபை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். பெட்டி வைப்பதற்கு முன்பிருந்த அளவுக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

மழைக்காலத்தில் பெட்டியில் வெளிர் பழுப்பாகக் களிம்பு சேருகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஜூன், ஜூலையில் குமுளியிலும் பீருமேட்டிலும் விடாத மழையும் குளிரும். கடைக்கும் பள்ளிக்கும் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. எரிதலில் உண்டாகும் நீராவி ஆவியாகிப் போகாமல் குளிர்ந்த ஹோஸிலும் பெட்டியிலும் ஆயிலோடு கலந்து களிம்பாகும். வாரம் ஒரு முறை கம்பம் வரை இறங்கி ஏறினால் பெரும்பாலும் குறைந்துவிடும். கூலன்ட் குறைகிறதா, டிப்ஸ்டிக்கிலேயே அதே களிம்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியிருந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். மழைக்காலத்தில் பெட்டி சீக்கிரம் நிறையும், அதில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை காலி செய்வது? அந்த ஆயிலை என்ன செய்வது?

புதிதாக மாட்டியதும் வாரம் ஒருமுறை பாருங்கள், உங்கள் வண்டியின் பழக்கம் தெரிந்துவிடும். பிறகு குறைந்தது ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும். பெட்டி நிறையும்வரை விட்டுவிட்டால் ஒரு வளைவில் மொத்த ஆயிலும் டர்போவுக்குள் போய்விடும். அதன் விளைவைக் கீழே சொல்கிறேன். பெட்டியில் சேர்ந்ததை எஞ்சினில் திருப்பி ஊற்ற வேண்டாம், அதில் தண்ணீரும் டீசலும் அமிலமும் இருக்கிறது.

ஓடையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பழைய ஆயில் அபாயக் கழிவு என்றே சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. இந்த மலையில் ஊற்றுவது ஒன்று பெரியாற்றில் சேரும், இல்லையென்றால் கம்பம் பள்ளத்தாக்கு வயலில் சேரும். கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஆட்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது கொடுத்துவிடுங்கள்.

பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) வண்டி. இதெல்லாம் செய்யலாமா?

தொடாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற இந்த வண்டிகளில் சிலவற்றில், பிரீதர் ஹோஸ் கழன்றாலே கண்டுபிடித்து செக் லைட் போடும் ஏற்பாடு உண்டு. வாரண்டியில் இருந்தால் அந்தப் பகுதிக்கான உரிமையும் சிக்கலாகும்.

இந்த வண்டிகளில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். டி.பி.எஃப். கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் தெளிக்கும். குறுகிய ஓட்டத்தில் அது பாதியில் நின்றுபோனால், எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறும். ஏறிய ஆயில் பிரீதர் வழியாகப் போகும். அளவு மேல் கோட்டைத் தாண்டினால் வண்டியை ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? டி.என். வண்டியைக் கேரளாவில் பிடிப்பார்களா?

இரண்டு மாநிலத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றுதான், நம்பர் பிளேட்டைப் பொறுத்து மாறாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் உண்டு. மாசு விதியை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம், லைசென்ஸையும் மூன்று மாதம் நிறுத்தலாம். கேரள மோட்டார் வாகனத் துறை வண்டி மாற்றங்கள் விஷயத்தில் கண்டிப்பானது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

"புகை டெஸ்ட்டில் பாஸாகிறதே" என்பார்கள். டீசலுக்கான புகை டெஸ்ட் சைலன்சர் வாயில் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறது. பிரீதர் எங்கே விடுகிறது என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. பாஸானதால் மாற்றம் சட்டப்படி சரியென்று ஆகாது.

சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் உறுமுகிறது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலோ, நிறைந்த பெட்டியின் ஆயிலோ மொத்தமாக உள்ளே போனால், எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். சாவியை அணைத்தால் டீசல்தான் நிற்கும், ஆயில் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய், வெள்ளையும் நீலமுமாகப் புகை ரோட்டையே மறைக்கும்.

மேனுவல் கியர் வண்டியென்றால், கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் முழுதாகப் பிடித்து, மேல் கியர் போட்டு, கிளட்சை விட்டுவிடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும். நின்ற இடத்திலேயே, முதல் சில நொடிகளில் செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இந்த வழி இல்லை, காற்றை அடைப்பதுதான் ஒரே வழி. கெட்டியான பலகையால் ஏர் இன்டேக் வாயை மூடலாம், அல்லது கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பானை அதற்குள் அடிக்கலாம். கையாலோ துணியாலோ மூடாதீர்கள், இழுத்துக்கொள்ளும். வேகம் கட்டுக்கு மீறிப் போய்விட்டால் பானெட்டைத் திறக்காமல் எல்லாரையும் இறக்கி விலகி நில்லுங்கள், எஞ்சின் வெடித்துச் சிதறலாம்.

அதனால்தான் பெட்டி மாட்டும் நாளிலேயே இன்டர்கூலரைக் கழற்றி, உள்ளே தேங்கியதை வடித்துவிட வேண்டும் என்கிறேன்.

ஆயில் பிராண்டை மாற்றினால் குறையுமா?

பிராண்டை விட தரக்குறியீடுதான் முக்கியம். மேனுவலில் சொன்ன தரமும் தடிமனும் உள்ள ஆயிலை ஊற்றுங்கள். சூட்டில் ஆவியாகும் அளவுக்கு அந்தத் தரங்களில் எல்லை உண்டு. ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரமான ஏ.சி.இ.ஏ. சி3 ஆயிலில் அது 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. விலை குறைவென்று வாங்கும் தரமில்லாத ஆயில் அதிகமாக ஆவியாகும், ஆவியானது பிரீதரில்தான் போகும். டி.பி.எஃப். உள்ள வண்டிக்கு சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்ற முடியுமா?

முடியும், கம்பெனி ஹோஸை வெட்டாமல் இருந்தால். அதை முழுதாகக் கழற்றி, துடைத்து, இரண்டு முனையையும் கட்டி, கிளிப்களோடு ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். பெட்டிக்குப் புது ஹோஸ் மட்டும் வெட்டுங்கள். திரும்ப மாட்டும்போது பழைய ஹோஸின் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ரப்பர் உப்பியிருந்தாலோ, கருப்பு மாவு மாதிரி உதிர்ந்தாலோ, புதிது வாங்கிப் போடுங்கள்.